ஹீராவும் ஜாபியாவும்: இஸ்லாத்துக்கு முன்பிருந்த அரபு அரசர்கள்

‘ஜாஹிலிய்யா’ என்னும் அறியாமைக் காலத்தைப் பற்றி மதரஸாவில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஹஜரத்துகள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே சித்திரத்தையே தந்தார்கள். மணல், ஒட்டகம், சிலை வணக்கம், ஒரு கிணற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாக நீளும் குலப்பகை, உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தைகள். இவற்றுக்கெல்லாம் மேலே ‘நிறுத்து’ என்று சொல்ல அரசன் என்று ஒருவன் இல்லை. மக்காவைப் பொறுத்தவரை இதில் கடைசிச் செய்தி சரியானதுதான். குறைஷியர் தங்கள் நகரத்தைக் குலத் தலைவர்கள் கூடிப் பேசியே நடத்தி வந்தார்கள். ரோமப் பேரரசரின் தயவைப் பெற்று மக்காவுக்கு அரசராகிவிட முயன்ற உஸ்மான் இப்னு அல்ஹுவைரிஸ் என்பவரைச் சொந்த ஊராரே ஏற்க மறுத்துவிட்டார்கள் என்றும் அரபு வரலாற்று மரபு சொல்கிறது. ஆனால் மக்கா மட்டுமே அரபு நாடு அன்று. தெற்கே ஏமனிலும், வடக்கே சிரியாவின் ஓரத்திலும், கிழக்கே யூப்ரடீஸ் கரையிலும் அரசர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அரண்மனையும் படையும் அவைப்புலவர்களும் இருந்தார்கள்.

இதை எழுத வைத்தது மலேசியாவின் எஸ்டிபிஎம் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அக்காள் மகனின் கேள்வி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டு, சூலியா தெருவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, “முஆவியா (ரலி) அவர்கள் ரோமர்களையும் பாரசீகர்களையும் பார்த்துத்தான் கிலாஃபத்தை முடியாட்சி ஆக்கினார்கள் என்கிறார்களே, மாமா, அரபுகளுக்கு அதற்கு முன்னால் ராஜாவே கிடையாதா?” என்று கேட்டான். சுல்தான் இல்லாத பினாங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு ராஜாக்கள் மேல் எப்போதும் ஓர் ஆர்வம் உண்டு. அன்றிரவு அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முஆவியா (ரலி) அவர்களின் குலமான உமையாக்களின் முடியாட்சி, ரோமரின் சீசரையும் பாரசீகரின் அரசரான கிஸ்ராவையும் மட்டும் பார்த்து எழுந்ததன்று. அந்த இரண்டு பேரரசுகளுக்கும் நடுவில் இருந்து மறைந்துபோன அரபு அரச குடும்பங்களின் இடத்தில், பெரும்பாலும் அவர்கள் உட்கார்ந்த அதே ஊர்களில், அது எழுந்தது.

தெற்கிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் ஆச்சே தெருப் பள்ளிவாசலை 1808-இல் எழுப்பிய செய்யித் ஹுசைன் அல்ஐதீதின் பூர்வீகம் ஏமனின் ஹள்ரமவ்த் பகுதி. இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஹள்ரமவ்த் தனி அரசாக இருந்தது. சாம்பிராணி வணிகத்தால் செழித்த அவ்வரசு, இன்றைய ஓமானின் ஸலாலா நகருக்கு அருகே சும்ஹுரம் என்ற துறைமுகக் கோட்டையை அமைத்தது. அந்தக் கோட்டை இடிபாடுகளைத் தோண்டியபோது, தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கீரன்’ என்று முடியும் பெயர் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று மதிப்பிடுகிறார்கள். மாலிக் காஃபூருக்கும் மரைக்காயர்களுக்கும் எத்தனையோ காலம் முன்பே, ஓர் அரபு அரசனின் கோட்டைக்குள் தன் பெயர் எழுதிய பானையோடு ஒரு தமிழன் நடமாடியிருக்கிறான்.

ஹள்ரமவ்த்தை கி.பி. 300-ஐ ஒட்டி விழுங்கியது ஹிம்யர் அரசு. ளஃபார் என்ற மலைநகரைத் தலைநகராகக் கொண்ட ஹிம்யர் அரசர்கள், பழைய சபா நாட்டையும் முன்னரே இணைத்துக்கொண்டவர்கள். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் பழைய தெய்வங்களைக் கைவிட்டு யூத மார்க்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அந்த வழியில் வந்த யூசுஃப் என்ற அரசர், நம் ஹஜரத்துகள் தூ நுவாஸ் என்று சொல்வார்களே அவர்தான், 523-இல் நஜ்ரான் நகரத்துக் கிறித்தவர்களைக் கொன்று குவித்தார். அதைக் காரணமாக வைத்து எத்தியோப்பியப் பேரரசர் காலிப் 525-இல் கடல் கடந்து படையெடுத்தார். பின்னர் அந்தப் படைத்தலைவர்களில் ஒருவரான அப்ரஹா, தம் எசமானரையே மீறி ஏமனின் அரசரானார். குர்ஆனின் ‘அலம் தர கைஃப’ என்ற யானை அத்தியாயத்தை ஓதும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவரை யானைப் படையோடு தெரியும். வரலாற்றுக்கு அவர் அதைவிடப் பெரிய உதவி ஒன்று செய்திருக்கிறார். மஃரிப் அணை உடைந்தபோது அதைப் பழுதுபார்த்து, 548-இல் ஒரு நீண்ட கல்வெட்டை நிறுத்தினார். தம் அவைக்கு வந்த தூதர்களை அதில் வரிசைப்படுத்துகிறார்: எத்தியோப்பிய மன்னரின் தூதர், ரோம மன்னரின் தூதர், பாரசீக மன்னரின் தூதர், அவர்களை அடுத்து முன்திரின் தூதரும் ஹாரிஸ் இப்னு ஜபலாவின் தூதரும். கடைசியாகச் சொன்ன இருவரும் வட அரபு அரசர்கள். ஆறாம் நூற்றாண்டின் நடுவில் உலகப் பேரரசுகளோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்களாக அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அந்த வடக்கத்திக் கதை இன்னும் பழையது. பெத்ராவின் நபதேயர்களை 106-இல் ரோம் இணைத்துக்கொண்டது. பல்மைராவின் ஸனோபியா அரசியை 272-இல் பேரரசர் அவுரேலியன் வீழ்த்தினார். இவ்விரண்டும் பயண நூல்களில் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன். அவற்றைவிட என்னைக் கவர்வது, தெற்குச் சிரியாவின் நமாராவில் 1901-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டெடுத்து, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கருங்கல். ஒரு கல்லறை வாசலின் மேல் படுக்கையாகக் கிடந்த அந்தக் கல்லில் ஐந்து வரிகள் உள்ளன. எழுத்து நபதேய எழுத்து; மொழியோ அரபு. “இது அம்ரின் மகன் இம்ருல் கைஸின் நினைவிடம், அரபுகள் அனைவரின் அரசர்” என்று தொடங்கி, முடி தரித்ததையும், குலங்களை அடக்கியதையும், நஜ்ரான் வரை படை நடத்தியதையும் சொல்லி, இறந்த நாளில் முடிகிறது. அந்த நாள் கி.பி. 328-இல் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் முன்பே, ‘அரபுகள் அனைவரின் அரசர்’ என்று கல்லில் வெட்டிக்கொள்ளும் துணிவு ஒருவருக்கு இருந்திருக்கிறது. அவர் ஆட்சி உண்மையில் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பது வேறு விஷயம். அரசர்களின் கல்வெட்டுகளில் சொல்லப்படும் எல்லைகளை நாம் தமிழ்நாட்டு மெய்க்கீர்த்திகளிலிருந்தே அறிவோம்.

ஆறாம் நூற்றாண்டுக்கு வந்தால் மூன்று அரச குடும்பங்கள் நிற்கின்றன. அவற்றுள் கிந்தா குடும்பம், ஹிம்யரின் ஆதரவில் நடு அரேபியாவின் குலங்களைக் கட்டி ஆண்டு, வேகமாக எழுந்து வேகமாகச் சரிந்தது. அதன் பேரரசர் ஹாரிஸ் இப்னு அம்ர் 528-இல் கொல்லப்பட்டதும் அவருடைய மகன்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினர். பேரப்பிள்ளைகளில் ஒருவரான கவிஞர் இம்ருல் கைஸ் (நமாராக் கல்லின் அரசர் அல்லர்), தந்தையைக் கொன்றவர்களைப் பழிதீர்க்க உதவி தேடி அலைந்தே மாண்டார். அரசாகப் பெறாததை அவர் கவிதையாகப் பெற்றுவிட்டார். அரபு மொழி உள்ளவரை அந்தப் பெயர் நிற்கும்.

மற்ற இரண்டும் பேரரசுகளின் எல்லையில் வளர்ந்தவை. ரோமர்கள் பக்கம் கஸ்ஸானியர். பாரசீகர் பக்கம், ஹீரா நகரத்து லக்மியர். ஜஸ்டினியன் பேரரசர் சுமார் 529-இல் கஸ்ஸானிய ஹாரிஸ் இப்னு ஜபலாவைப் பல குலங்களுக்கும் மேலான தலைவராக்கி, அதுவரை ரோமர் எந்த அரபுத் தலைவருக்கும் தராத அரச மதிப்பையும் கொடுத்தார். காரணம் எதிர்ப்பக்கத்தில் இருந்த லக்மிய முன்திர். ஐம்பது ஆண்டுகள் ரோம எல்லையைக் கொள்ளையடித்துத் திணறடித்தவர் அவர். பாலைவனத்துக்குள் தப்பிவிடும் அரபுக் குதிரைப்படையைத் துரத்த ரோமக் காலாட்படையால் முடியாது; ஓர் அரபு அரசனை எதிர்கொள்ள இன்னொரு அரபு அரசனைத்தான் உருவாக்க வேண்டும். 554-இல் கின்னஸ்ரீனுக்கு அருகே நடந்த போரில் ஹாரிஸ் முன்திரைக் கொன்றார்.

கஸ்ஸானியர் கூடாரமிட்டு அவை கூடிய இடம் கோலான் மேட்டுநிலத்தின் ஜாபியா. சிரியப் பாலைவனத்தில் ருஸாஃபா என்ற தலத்தில், செர்ஜியஸ் என்ற கிறித்தவப் புனிதரின் அடக்கத்தலத்துக்கு அருகே, ஹாரிஸின் மகன் முன்திர் கட்டிய கல் மண்டபம் இன்றும் நகர மதிலுக்கு வெளியே நிற்கிறது. அதில் ‘முன்திரின் நல்லூழ் வெல்கிறது’ என்ற பொருளில் கிரேக்கத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்த நல்லூழ் நீடிக்கவில்லை. 580-இல் பாரசீகத் தலைநகரைத் தாக்கப் போன ரோமப் படை, வழியில் பாலம் தகர்க்கப்பட்டிருப்பதைக் கண்டு திரும்ப நேர்ந்தது. முன்திர்தான் எதிரிக்குத் துப்புக் கொடுத்தார் என்று தளபதி மௌரிக்கியஸ் குற்றம் சாட்டினார். கிறித்தவக் கொள்கையிலும் முன்திர் அரசவை ஏற்காத பிரிவைச் சேர்ந்தவர். ஹுவ்வாரீன் என்ற சிற்றூரில் ஒரு தேவாலயத் திறப்பு விழாவுக்கு வாருங்கள் என்று நண்பராக நடித்த ரோம அதிகாரி ஒருவர் அழைக்க, நம்பிப் போன இடத்தில் முன்திரைக் கைது செய்தார்கள். மௌரிக்கியஸே 582-இல் பேரரசரானதும் அவரை சிசிலித் தீவுக்கு நாடுகடத்தினார். கஸ்ஸானியரின் ஒருங்கிணைந்த தலைமை அத்துடன் உடைந்து சில்லறைத் தலைவர்களாகச் சிதறியது.

பாரசீகர் செய்ததோ இதைவிட மோசம். ஹீராவின் கடைசி அரசர் நுஃமான் இப்னு முன்திரின் வீழ்ச்சியை அரபு வரலாற்று மரபு ஒரு குடும்பப் பழிவாங்கலாகச் சொல்கிறது. அதீ இப்னு ஸைத் என்ற ஹீராக் கவிஞர், கிஸ்ராவின் அலுவலகத்தில் அரபுக் கடிதங்களைக் கவனித்தவர். நுஃமான் அரியணை ஏறியதே அவருடைய சூழ்ச்சித் திறமையால்தான். பின்னர் கோள் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு நுஃமான் அவரைச் சிறையில் அடைத்தார். ‘வேறெது விக்கினாலும் தண்ணீர் குடிக்கலாம், தண்ணீரே விக்கினால் என்ன செய்வது’ என்ற ரீதியில் அவர் சிறையிலிருந்து கவிதைகள் அனுப்பியும் பயனில்லை, அங்கேயே கொல்லப்பட்டார். நுஃமானின் மனம் பிறகு உறுத்தியதோ என்னவோ, அதீயின் மகன் ஸைதைத் தந்தையின் வேலைக்கே பரிந்துரைத்து கிஸ்ராவிடம் அனுப்பினார். ஸைத் காத்திருந்தார். கிஸ்ரா தம் அந்தப்புரத்துக்கு அழகிய பெண் தேடிய வேளையில், நுஃமானின் குடும்பத்துப் பெண்களைப் போல் யாரும் இல்லை என்று நைச்சியமாக எடுத்துச் சொன்னார். அரபுகள் தங்கள் பெண்களைப் பாரசீகருக்குக் கட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்பது ஸைதுக்கு நன்றாகத் தெரியும். நுஃமான் மறுத்தார், அந்த மறுப்பைக் கிஸ்ராவின் காதுக்குக் கொண்டுபோன மொழிபெயர்ப்பாளரும் ஸைதே. குலம் குலமாக அடைக்கலம் தேடி அலைந்த நுஃமான், கடைசியில் தம் கவசங்களையும் ஆயுதங்களையும் பனூ ஷைபான் குலத்துத் தலைவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிஸ்ராவின் வாசலுக்குத் தாமே சென்றார். யானைகளின் காலில் இடப்பட்டார் என்று ஒரு செய்தி. சிறையில் மாண்டார் என்று இன்னொரு செய்தி. ஆண்டு 602.

இந்தக் கதையில் கற்பனை எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் விளைவு கற்பனை அன்று. பாரசீகம் மூன்று நூற்றாண்டுகள் தன் மேற்கு வாசலைக் காத்த அரச குடும்பத்தை ஒழித்துவிட்டு, தனக்குக் கீழ்ப்படியும் ஒருவரை ஹீராவில் வைத்தது. நுஃமானின் ஆயுதங்களைத் திருப்பிக் கேட்டபோது ஷைபான் குலத்தார் அடைக்கலப் பொருளைக் கொடுக்க மறுத்தார்கள். தூ கார் என்ற நீர்நிலையருகே, 604-க்கும் 611-க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆண்டில், ஷைபானையும் உள்ளடக்கிய பக்ர் இப்னு வாயில் குலத்தார் பாரசீகப் படையைத் தோற்கடித்தார்கள். பேரரசு வெல்லப்படக்கூடியதே என்று அந்தக் குலங்களுக்கு அன்று தெரிந்துவிட்டது. 633-இல் முஸ்லிம் படைத்தளபதி காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களோடு ஈராக்கில் இறங்கிய முஸன்னா இப்னு ஹாரிஸா, அதே ஷைபான் குலத்தவர். ஹீரா பெரிய போரின்றி அவ்வாண்டே கப்பம் கட்ட இணங்கியது. அங்கே அப்போது காவலுக்கு ஓர் அரசன் இருந்திருந்தால் அந்த ஆண்டு எப்படிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கஸ்ஸானியரில் எஞ்சியிருந்த ஜபலா இப்னு அல்ஐஹம் 636-இல் யர்மூக் போரில் முஸ்லிம்களுக்கு எதிராக ரோமர் தரப்பில் நின்றவர். அவரைப் பற்றிய கதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். இஸ்லாத்தைத் தழுவி, பரிவாரத்தோடு கஅபாவைச் சுற்றி வரும்போது, அவருடைய நீண்ட அங்கியின் ஓரத்தை ஒரு சாதாரண ஃபஸாராக் குலத்தவர் மிதித்துவிட்டார். ஜபலா அவர் மூக்கில் அறைந்தார். ஒன்று அவரைச் சமாதானப்படுத்து, இல்லையேல் அதே அறையை வாங்கிக்கொள் என்றார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ‘நான் அரசன், அவன் வெறும் குடியானவன்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, இரவோடு இரவாக ஜபலா ரோமர்களிடம் ஓடிப்போனாராம். நடந்ததோ இல்லையோ, மதீனாவின் ஆட்சிக்கும் பழைய அரச குடும்பங்களுக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை இதைவிடக் கூர்மையாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் ஊர்கள் ஓடிப்போகவில்லை. உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்கு வந்தபோது படைத்தலைவர்களைக் கூட்டிய இடம் ஜாபியா. 638-இல் எழுந்த கூஃபா நகரம் ஹீராவுக்குப் பக்கத்திலேயே அமைந்தது. அங்கே பள்ளிவாசல் கட்ட லக்மிய முன்திர் குடும்பத்தாரின் இடிந்த மாளிகைக் கற்களை எடுத்துக்கொண்டார்கள் என்றும், அவற்றின் விலையை ஹீரா மக்கள் செலுத்த வேண்டிய ஜிஸ்யா வரியில் கழித்துக்கொண்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர் பலாதுரி பதிவு செய்கிறார். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்; ஓர் அரச வம்சத்தின் முடிவு, நகராட்சி மன்ற ரசீது போல எழுதப்பட்டிருக்கிறது.

661-இல் ஆட்சிக்கு வந்த முஆவியா (ரலி) அவர்களை ‘அரபுகளின் கிஸ்ரா’ என்று உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை சொன்னதாகக் கூறுவார்கள். பாடப்புத்தகங்களின் கருத்துக்கு வேர் அதுவே. ஆனால் அவர்களுடைய நடைமுறையைப் பாருங்கள். சிரியாவின் வலுவான கல்ப் குலத்தில் மைசூன் என்ற பெண்ணை மணந்தார்கள். அக்குலத்தார் அப்போதும் பெரும்பாலும் கிறித்தவர்கள். அந்தப் பெண்ணின் மகன் யஸீத்தான் வாரிசானார். குலத்தலைவர்களைப் பரிசும் பொறுமையுமாக வளைத்து வைத்துக்கொண்டார்கள். இது கிஸ்ராவின் ஆட்சிமுறை அன்று. கஸ்ஸானியத் தலைவர் ஒருவர் செய்திருக்கக்கூடியதே இது. தாயிஃபுக்கு அருகே அவர்கள் கட்டிய அணையின் கல்வெட்டு, ஹிஜ்ரி 58-ஐச் சேர்ந்தது, அவர்களை ‘அல்லாஹ்வின் அடியார், விசுவாசிகளின் தலைவர்’ என்றே குறிக்கிறது. அரசர் என்ற பட்டம் அதில் இல்லை. யஸீத் விரும்பித் தங்கியதும், 683-இல் இறந்ததும் ஹுவ்வாரீனில். கஸ்ஸானிய முன்திரை ஏமாற்றிக் கைது செய்த அதே ஹுவ்வாரீன்.

யஸீதுக்குப் பின் எல்லாம் குலைந்தபோது, 684-இல் சிரியக் குலங்களின் தலைவர்கள் கூடி உமையாக் குலத்தவரான மர்வானைக் கலீஃபாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூடிய இடம் மீண்டும் ஜாபியா. அவருக்குப் பின் யஸீதின் மகன் காலித், அதன்பின் அம்ர் இப்னு ஸயீத் என்று முறைவைத்தார்கள். நம் ராஜாக்கள் மன்றத்தில் மாமன்னர் பதவி ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்கு முறை மாறுவதைப் போல அது நடந்திருந்தால் வரலாறே வேறு. மர்வானோ அடுத்தடுத்துத் தம் மகன்களையே வாரிசுகள் ஆக்கினார். மகன் அப்துல் மலிக், தம் முறைக்குக் காத்திருந்த அம்ரைப் பின்னர் கொன்றும் போட்டார்.

அப்துல் மலிக்கின் பொற்காசுகளில் தொடக்கத்தில் வாளோடு நிற்கும் கலீஃபாவின் உருவம் இருந்தது. ஹிஜ்ரி 77-இல் அதை நீக்கிவிட்டு, உருவமின்றி இறைவசனமும் அச்சிட்ட ஆண்டும் மட்டுமே கொண்ட, 4.25 கிராம் எடையுள்ள தீனாரை வெளியிட்டார்; அதில் அவருடைய பெயர்கூடக் கிடையாது. காசில் இவ்வளவு அடக்கம் காட்டியவரின் அவைப்புலவர் அக்தல், கழுத்தில் சிலுவையோடு வரும் தக்லிப் குலத்துக் கிறித்தவர். கவிஞர் நாபிகா ஹீராவில் நுஃமானைப் பாடிய வழக்கம் டமாஸ்கஸில் அப்படியே தொடர்ந்தது.

இப்படியிருந்தும் ஏன் எல்லாரும் சீசரையும் கிஸ்ராவையுமே சொல்கிறார்கள்? உமையாக்களே அப்படித்தான் பார்க்கப்பட விரும்பினார்கள் என்பது என் எண்ணம். இன்றைய ஜோர்தானில் உள்ள குஸைர் அம்ரா என்ற சிறு மாளிகையின் சுவரில் ஆறு அரசர்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். சீசர், கிஸ்ரா, எத்தியோப்பிய மன்னரான நஜ்ஜாஷி, ஸ்பெயினின் ரொதரிக் ஆகியோரின் பெயர்கள் அரபிலும் கிரேக்கத்திலும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு கஸ்ஸானியரின் பெயரோ லக்மியரின் பெயரோ அங்கே படிக்கக் கிடைக்கவில்லை. வென்ற பேரரசர்களைச் சுவரில் மாட்டுவதில் பெருமை இருக்கிறது; பக்கத்து வீட்டில் இருந்துபோன பங்காளிகளை மாட்டுவதில் அது இல்லை.

கலீஃபா ஹிஷாம் (724–743) டமாஸ்கஸைவிட்டு விலகி, தம் ஆட்சிக் காலத்தின் பெரும்பகுதியை ருஸாஃபாவில் கழித்தார். முன்திரின் மண்டபம் நின்ற நகரத்தின் மதிலுக்கு வெளியே மாளிகைகள் கட்டினார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 750-இல் உமையாக்களை வென்று ஆட்சியைப் பிடித்த அப்பாஸியர் அந்தக் கல்லறையைத் தோண்டி உடலை அவமதித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தப்பிப் பிழைத்த அவருடைய பேரர் அப்துர் ரஹ்மான் 756-இல் கொர்தோவாவைப் பிடித்தார். நகருக்கு வெளியே தோட்ட மாளிகை ஒன்று அமைத்து, அதற்கு ருஸாஃபா என்று பெயரிட்டார். அரசருக்குரிய எல்லாமும் இருந்தும், அவரும் அவர் வழிவந்தோரும் 929 வரை ‘அமீர்’ என்ற பட்டத்தோடே ஆண்டார்கள்.